பதினான்கு கிலோ கம்பளி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வாண்டில் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் கட்டடம் ஒரு காலத்தில் கம்பளி ஆலையாக இருந்தது. இப்போது அதில் நாற்பது வீடுகள் இருக்கின்றன. இது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும், கவுன்சிலுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது ஒரேயொரு அலுவலகத்துக்குத்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் வீடுகளைச் சூடாக்கும் கட்டடத்தின் பொதுப் பொயிலர் நின்றுபோனது. பராமரிப்புக் கொம்பனி புதியது போட அனுமதி கேட்டு நாலு இடங்களுக்கு எழுதியது. மூன்று இடங்களிலிருந்து பதில் வரவில்லை. நாலாவது பதில் நகர மத்தியிலுள்ள மூர்கேற்றிலிருந்து, ‘கம்பளித் தொழில் நிலக்கரி ஒதுக்கீட்டு வாரியம்’ என்ற பெயரில் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நிலக்கரித் தட்டுப்பாட்டில் கம்பளி ஆலைகள் நின்றுபோகக் கூடாது என்று ஆறு மாதத்துக்கெனத் தொடங்கப்பட்ட வாரியம் அது. அதைக் கலைக்கும் உத்தரவை அனுப்பவேண்டிய திணைக்களம் அதற்கு முன்பே கலைக்கப்பட்டுவிட்டதால், வாரியம் இருந்துகொண்டே இருந்தது.

கடிதம் மரியாதையாக இருந்தது. குறித்த கட்டடம் வாரியத்தின் பதிவேட்டில் கம்பளி ஆலையாக உள்ளது. பதிவேட்டில் உள்ள ஆலை எதுவும் வாரியம் ஒதுக்கும் எரிபொருளைத் தவிர வேறு எதையும் பாவிக்கக் கூடாது. தேவையுள்ளவர்கள் நேரில் விண்ணப்பிக்கலாம். கொம்பனி அந்தக் கடிதத்தை லிப்ட் கதவில் ஒட்டிவிட்டு, தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டது.

மின்சார ஹீற்றர் வாங்கியவர்கள் உண்டு. மூன்றாவது ஹீற்றர் போடப்பட்ட மாலையில் கட்டடம் முழுவதும் இருண்டுபோனது. ஹீற்றர் பாவிக்கத் தடை என்று கொம்பனி இன்னொரு தாள் ஒட்டியது. பாதிப்பேர் இல்ஃபோர்ட்டுக்கும் லூயிஷாமுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

இரண்டாம் மாடியில் இருந்த அருட்பிரகாசம் கோட்டுப் போட்டுச் சமாளிக்கக்கூடியவர். மன்னார்க்காரர், வயது ஐம்பத்தாறு, பெற்றோல் நிலையமொன்றில் பகல் ஷிப்ட். ஆனால் அவருடைய மனைவி அருமைநாயகியின் நுரையீரல் இரண்டு வருடமாகச் சரியில்லை. குளிர் காற்று உள்ளே போனால் வெளியே வர மறுத்தது. நவம்பர் கடைசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் தேறிவிட்டாள். இனி வீட்டுக்குப் போகலாம் என்ற இடத்தில் வந்து நின்றது விஷயம்.

“அண்ணை, டொக்டர் சொன்னதை அப்பிடியே சொல்லுறன்,” என்றாள் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பகுதியில் வேலைசெய்த நேர்ஸ் கிளறிற்றா. “வீடு பதினெட்டு டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அனுப்பலாம். அக்கா இன்னொருக்கா இப்பிடி மூச்சு முட்டி வந்தால், தேறுவா எண்டு சொல்ல ஏலாதாம்.”

“இப்ப வீட்டில ஒன்பது, பிள்ளை.”

“அப்ப ஏதாவது செய்யுங்கோ. எங்களுக்கும் கட்டில் வேணும் எண்டு நிக்கிறாங்கள்.”

அருமைநாயகி கட்டிலில் சாய்ந்திருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நீளமாகப் பேசுவதில்லை. மூச்சு இடம்கொடுப்பதில்லை.

“ஒன்பது எண்டால்... பரவாயில்லையே,” என்றாள். “மீன் பழுதாகாது.”

வாரியத்தின் விண்ணப்பப் படிவம் முப்பத்தொரு பக்கம். அருட்பிரகாசம் அதைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் எதிர் வீட்டு ஜம்புநாதன் வந்து உதவினார். கும்பகோணத்துக்காரர், கணினி வேலை, எந்தப் படிவத்தையும் அரை மணியில் முடித்துவிடுவார். பதினேழாம் கேள்வி வரைக்கும் சரியாகத்தான் போனது. பதினேழாம் கேள்வி: இவ்விடத்தில் தற்போது உள்ள கம்பளியின் எடை.

“‘இல்லை’ன்னு போடுங்க சார். நாம என்ன ஆடா வளர்க்கிறோம்?”

அருட்பிரகாசம் பேனாவை மூடி வைத்தார்.

“தம்பி, உங்களுக்குத் தெரியாது,” என்றார். “ஊரில சண்டைக் காலம், அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்ட நேரம், எங்கட பக்கம் ஒரு படிவம் குடுத்தவை. கையிருப்பில மண்ணெண்ணெய் எவ்வளவு எண்டு ஒரு கேள்வி. ஒரு துளியும் இல்லை. நான் இல்லை எண்டு எழுதினன். அடுத்த மாசம் பட்டியலில இருந்து எங்கட வீட்டை வெட்டிப்போட்டாங்கள். ஏன் எண்டு கேட்டால், மண்ணெண்ணெய் இல்லாமலே ஒரு மாசம் இருந்திருக்கிறாய்தானே, பிறகென்னத்துக்கு எண்டு கேக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் அரைப் போத்தல் எண்டு எழுதினவன். அவனுக்குக் குடுத்தாங்கள்.”

“இது லண்டன் சார்.”

“படிவம் படிவம்தான்.”

இல்லாததை எழுதினாலும் ஆபத்து, சோதனைக்கு வருவார்கள். ஆகவே இருப்பதைத் துல்லியமாக எழுதுவது என்று முடிவெடுத்தார். விமானத்தில் போகும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசு வீட்டில் இருந்தது. இரண்டு கம்பளிப் போர்வைகள், ஸ்வெற்றர்கள், குரங்குத் தொப்பிகள், காலுறைகள், வோல்சிங்கம் திருத்தலத்துக்குப் போனபோது அருமைநாயகி வாங்கிய சால்வை, அவள் பின்னி முடிக்காமல் வைத்திருந்த ஒன்று. எல்லாவற்றையும் பயணப்பையில் கட்டித் தராசில் தூக்கினார். ஜம்புநாதன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இலக்கத்தை வாசித்தார்.

“பதினாலு கிலோ முந்நூறு. சார், நான் சொல்றேன், இது வேண்டாம்.”

அருட்பிரகாசம் எழுதிவிட்டார்.

பன்னிரண்டு நாட்களில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. வாரியத்துக்கு விண்ணப்பம் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் விரைவாகச் செயற்பட்டார்கள்.

மூர்கேற்றில் வாரியத்தின் கட்டடம் வெப்பமாக இருந்தது. அருட்பிரகாசத்துக்கு முதலில் தெரிந்தது அதுதான். கழுத்துச் சால்வையைக் கழற்றியபோது கண் கலங்கிவிட்டது. வரவேற்பில் சயந்தினி என்றொரு பெண் இருந்தாள். இல்ஃபோர்ட்டில் பிறந்தவள், உதவிப் பதிவாளர்.

“அங்கிள், பயப்பிடாதீங்க. அவங்க ரொம்ப நைஸ். கேட்டதுக்கு மட்டும் ஆன்ஸர் பண்ணுங்க.”

“பிள்ளை, இஞ்ச எத்தினை வருசமா வேலை?”

“மூணு. இன்னும் ஒரு பைல் கூடப் பார்க்கேல்ல. உங்களிதுதான் பெர்ஸ்ட்.”

கூட்ட அறையில் குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஒரு கண்ணாடிப் பேழையை இரு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி உள்ளே வந்தார். பேழைக்குள் வெல்வெற் துணியில் முட்டையளவு நிலக்கரித் துண்டு ஒன்று இருந்தது. வாரியத்திடம் மிஞ்சியிருந்த கடைசித் துண்டு. பேழை தன்னைக் கடந்தபோது அருட்பிரகாசம் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஒற்றைக் கால் மடித்து முழந்தாளிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துவிட்டார். தேவாலயத்து நற்கருணைப் பவனியில் ஐம்பது வருடமாக மடங்கிய கால் அது, தானாகவே மடங்கியது.

பிரதிக் கட்டுப்பாட்டாளர் திரு. ஹாலிவெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பத்திரண்டு வருட சேவையில்,” என்றார், “ஒரு விண்ணப்பதாரர் விஷயத்தின் கனத்தை உணர்ந்து வந்ததை இன்றுதான் பார்க்கிறேன். இது பதியப்படட்டும்.”

பதிந்தார்கள்.

ஹாலிவெல் நல்ல குரல் உடையவர். வாரியத்தின் வரலாற்றை அவர் ஆறுதலாகச் சொன்னார். “ஆரம்ப காலம் மிகக் கடினமானது. நாங்கள் ஓர் ஆலைக்கு நாற்பது தொன் ஒதுக்குவோம். ரயில் முப்பத்தாறு கொண்டுவரும். அதில் பாதி கல். ஆலை முதலாளிகள் வந்து சத்தம் போடுவார்கள். நிலக்கரி என்று ஒன்று வந்துகொண்டிருந்ததால் எங்கள் கணக்கு எப்போதும் குழம்பியது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகுதான் எங்களால் முழுக் கவனத்தோடு வேலை செய்ய முடிந்தது. இன்று எங்கள் ஒதுக்கீட்டில் ஓர் அவுன்ஸ் பிழை கிடையாது. ஒரு முறைப்பாடும் கிடையாது.” மற்ற எட்டுப் பேரும் மேசையை மெதுவாகத் தட்டினார்கள்.

பிறகு கேள்விகள் தொடங்கின. சயந்தினி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

“உங்கள் ஆலையில் என்ன இயந்திரம் இருக்கிறது?”

“இயந்திரம் இல்லை. பின்னல் ஊசி இரண்டு சோடி.”

“கைத்தொழில் பிரிவு,” என்றார் ஒருவர், மகிழ்ச்சியாக.

“தொழிலாளர்?”

“ஆர் பின்னுறது எண்டு கேக்கிறாங்க, அங்கிள்.”

“என்ர மனிசி.”

“தற்போது வேலை நடக்கிறதா?”

“அவ ஆஸ்பத்திரியில. வீடு குளிர். வீடு சூடானால்தான் விடுவம் எண்டு சொல்லியிருக்கினம். ஐயா, எனக்குக் கம்பளி ஒண்டும் வேண்டாம். வீடு சூடானால் காணும். அவ வீட்ட வரவேணும்.”

சயந்தினி இதை மொழிபெயர்த்தபோது மேசையைச் சுற்றி ஒரு சலசலப்பு ஓடியது. ஹாலிவெல் முன்னால் சாய்ந்தார். “அதாவது, எரிபொருள் இல்லாமையால் முழுத் தொழிலாளர் படையும் வேலைக்கு வர முடியாமல், உற்பத்தி முற்றாக நின்றிருக்கிறது. அப்படித்தானே?”

அருட்பிரகாசம் யோசித்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மையாகத்தான் இருந்தது.

“ஓம்,” என்றார்.

“ஐயாமாரே,” என்றார் ஹாலிவெல் எழுந்து நின்று, “இந்த வாரியம் எதற்காக உருவாக்கப்பட்டதோ, அந்த நிலைமை கடைசியில் வந்துவிட்டது.”

இரண்டரைத் தொன் நிலக்கரி ஏகமனதாக ஒதுக்கப்பட்டது. முதல் தர முன்னுரிமை. சிவப்பு முத்திரையிட்ட சான்றிதழை ஹாலிவெல் தன் கையாலேயே கொடுத்தார். கரி எப்போது வரும் என்று அருட்பிரகாசம் கேட்டார்.

“ஒதுக்கீடு எங்கள் பணி. விநியோகம் வேறு திணைக்களம்.”

“அது எங்க இருக்கு?”

“அது மூடப்பட்டுவிட்டது,” என்றார் ஹாலிவெல். “அவர்கள் தேவையற்றவர்களாகிவிட்டார்கள்.”

ஆஸ்பத்திரியில் அருமைநாயகி சான்றிதழை வாசித்துப் பார்த்தாள். நெஞ்சு குலுங்கச் சிரித்தாள், பிறகு இருமினாள், இருமல் நிற்க நேரமாயிற்று.

“நான் தொழிலாளர் படையோ?”

“அவங்கள் எழுதினது.”

“எந்த ஷிப்ட்... எண்டு சொன்னனீங்கள்?”

சான்றிதழைக் கிளறிற்றா வாங்கிக்கொண்டுபோய் மேலிடத்தில் காட்டினாள். அருட்பிரகாசம் அதை அவளிடம் கொடுத்தது, கரி வாங்கித் தர ஆஸ்பத்திரியாலாவது ஒரு கடிதம் எழுதுவார்களா என்று கேட்கத்தான். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோது கிளறிற்றா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணை, வெப்பமூட்ட ஏற்பாடு உண்டோ எண்டு படிவத்தில ஒரு பெட்டி இருக்கு. அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறபடியால் அதில டிக் போட்டிட்டினம். அக்காவை நாளைக்கு வெளியில விடுகினம்.”

“பிள்ளை, கரி வரேல்ல. வீடு இப்பவும் ஒன்பது.”

“நான் சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான். வீட்டில எத்தினை டிகிரி எண்டு எழுத, படிவத்தில இடம் இல்லையாம்.”

அப்படித்தான் அருமைநாயகி வீட்டுக்கு வந்தாள். ஜம்புநாதன் சக்கர நாற்காலியைப் பிடித்து ஏற்றிவிட்டார். இரண்டு போர்வைகளையும் போர்த்தி, ஸ்வெற்றருக்கு மேல் ஸ்வெற்றர் போட்டு, தலையில் குரங்குத் தொப்பி மாட்டி, சுடுதண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு வைத்து, மூன்று நாள் சமாளித்தார்கள். மூச்சு இரைந்தது, ஆனால் நிற்கவில்லை. இப்படியே ஏப்ரல் வரை ஓட்டிவிடலாம் என்று அருட்பிரகாசம் நினைக்கத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது.

சயந்தினி நின்றாள். பின்னால் இரண்டு ஆட்கள், சக்கரம் பூட்டிய பெட்டிகளோடு.

“அங்கிள், சொரி. உங்கட பதினேழாம் கேள்வி.”

கம்பளியை ஈரம் தாக்கும். பதினெட்டுப் பாகைக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எரிபொருள் வந்து சேராத ஆலைகளில் உள்ள கையிருப்பை, கரி வரும்வரை, வாரியத்தின் வெப்பக் களஞ்சியத்துக்கு மாற்றிப் பாதுகாக்கவேண்டும் என்று விதி இருந்தது. சயந்தினி விதியை வாசித்தாள். மறுப்பவர்களின் ஒதுக்கீடு ரத்தாகும் என்பதையும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வாசித்தாள்.

“பிள்ளை, பார், அவ போர்த்துக்கொண்டிருக்கிறா.”

“தெரியுது அங்கிள். நான் ஆறு தரம் ஈமெயில் பண்ணினேன். பதினாலு கிலோ முந்நூறு எண்டு நீங்க எழுதியிருக்கிறீங்க. குறைஞ்சா உங்களுக்குத்தான் பிரச்சினை.”

“வேண்டாம் எண்டு சொன்னால் கரி வராது. அப்பிடியோ?”

ஜம்புநாதன் தன் வீட்டு வாசலில் நின்று, “சார், விடாதீங்க. போலீஸைக் கூப்பிடுறேன்,” என்றார். அருட்பிரகாசம் அவரைக் கையால் மறித்தார். வராத கரியின்மேல் அவருக்கு இன்னமும் நம்பிக்கை இருந்தது. முத்திரை போட்ட தாளில் பெயர் இருக்கும்போது அதை இழக்கக் கூடாது என்பது தடைக் காலம் அவருக்குக் கற்பித்த பாடம்.

ஆட்கள் ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் எரித்து மணந்து பார்த்தார்கள். கம்பளியென்றால் மயிர் கருகும் மணம் வரும். அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் எரிந்த நெருப்பு அவ்வளவுதான். குரங்குத் தொப்பிகளில் ஒன்று கம்பளியல்ல, எக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்று தெரியவந்து திருப்பிக் கொடுக்கப்பட்டது. எடை நூற்றைம்பது கிராம் குறைந்தது.

“போட்டிருக்கிறதும்... பட்டியலில இருக்கோ?” என்று கேட்டாள் அருமைநாயகி.

சயந்தினி தாளைப் பார்த்தாள். “ஓம் அன்ரி.”

அருமைநாயகி ஒவ்வொரு கையாக எடுத்து, ஸ்வெற்றர்களைக் கழற்றினாள். மடித்தாள். மேலே சால்வையை வைத்தாள். சயந்தினி தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள். அது வாரியத்தின் கோட்டு என்று ஆட்களில் ஒருவர் நினைவுபடுத்தினார்.

அடுத்த நாள் அருட்பிரகாசம் ரூட்டிங் சந்தையில் மூன்று பொலியெஸ்டர்ப் போர்வைகள் வாங்கினார். உடம்பு ஓரளவு சூடானது. மூச்சோடு உள்ளே போகும் காற்றுக்குப் போர்வை போர்த்த முடியவில்லை. கம்பளியை எடுத்தபோது வாரியம் கொடுத்த பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்ததை அருமைநாயகிதான் கண்டுபிடித்தாள்: உரிமையாளர்கள் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை தமது கையிருப்பைப் பார்வையிடலாம்.

“என்னையும்... கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள். “அங்க சூடுதானே.”

முதல் செவ்வாய் போனார்கள். நோர்தேர்ண் லைன் நிலத்தடி ரயிலில் மூர்கேற் வரை, படிகளில் நின்று நின்று. களஞ்சியம் நிலவறையில் இருந்தது. வெதுவெதுப்பான, மங்கலான, நீண்ட அறை. நூற்றுக்கணக்கான தட்டுகளில் நாலைந்து மட்டும் நிறைந்திருந்தன, எல்லாம் அவர்களுடையவை. ஹாலிவெல் ஒரு நாற்காலி போடச் சொன்னார். உரிமையாளர் கையிருப்பைத் தொட்டுப் பார்க்க விதியில் இடமுண்டு என்று சயந்தினி கண்டுபிடித்தாள். எவ்வளவு நேரம் தொடலாம், உடம்பின் எந்தப் பகுதியால் தொடலாம் என்று விதி சொல்லவில்லை. அருமைநாயகி தன் போர்வையைத் தானே பார்வையிட்டாள், கழுத்துவரை இழுத்து. இரண்டு மணி நேரம் இருமல் வரவில்லை.

இரண்டாம் செவ்வாய் ஹாலிவெல் சங்கடத்தோடு வந்தார். ஈரமானி காட்டிய அளவுகளைக் கையில் வைத்திருந்தார்.

“தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்ற வாரம் இரண்டிலிருந்து நாலு மணிவரை களஞ்சியத்தின் ஈரப்பதன் கூடியிருக்கிறது. காரணம் மூச்சு. மனித மூச்சில் ஈரம் அதிகம். உங்கள் மனைவியின் மூச்சு சாதாரணமானதைவிட அடிக்கடி வருகிறது. நாங்கள் தடை எதுவும் விதிக்கவில்லை. முடிந்தளவு சிக்கனமாக விடும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம். போருக்குப் பிந்திய காலம் இது. எல்லோரும் ஏதாவது விட்டுக்கொடுக்கிறோம்.”

சயந்தினி இதை மொழிபெயர்க்கவில்லை. அருட்பிரகாசத்துக்கு விளங்கிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பாமல் எழுந்துபோய், மூச்சின் ஈரம் வெளியேறக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். ஹாலிவெல் நன்றி சொன்னார்.

மூன்றாம் செவ்வாய் வெளியே உறைபனி. வீட்டில் ஆறு பாகை. வரும் வழியில் ஸ்ரொக்வெல் நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் இருக்கவேண்டி வந்தது. அருமைநாயகியின் உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போவோம் என்றார் அவர். வீட்டில் சூடு இருக்கிறது என்று ஒருமுறை டிக் போட்டவர்கள் திரும்பவும் அதே பெட்டியைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்றாள் அவள். போன கிழமை அவசரப் பிரிவில் அதுதான் நடந்தது.

நாற்காலியில் இருந்ததும் தூங்கிவிட்டாள். வீட்டில் அவள் இப்படித் தூங்கி ஒரு மாதம். அருட்பிரகாசம் பக்கத்தில் நின்று அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு ஹாலிவெல் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சயந்தினி, “சேர், பத்து நிமிஷம்,” என்று அவரிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். விதிகள் பத்து நிமிடத்தில்தான் கெடத் தொடங்குகின்றன என்று அவர் கனிவாகச் சொன்னார். கையிருப்பைத் திருப்பி வைத்து, குறைவு இல்லை என்று கையெழுத்திட வேண்டும்.

அருட்பிரகாசம் மனைவியை எழுப்பினார். கழுத்திலிருந்து போர்வையை எடுத்து, நாலாக மடித்து, தட்டில் வைத்தார். ஹாலிவெல் நடைமுறைப்படி அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு முறை, இரு கையாலும், மடிப்புக்குள் விட்டுப் பார்த்தார்.

“தொட்டுப் பாருங்கள்,” என்றார் சயந்தினியிடம். “என்ன சூடு! எழுபது வருடத்தில் இந்தக் களஞ்சியத்தில் ஒரு கம்பளி இந்த நிலையில் இருந்ததில்லை. எங்கள் பராமரிப்புக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?” பதிவேட்டை வரவழைத்து ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினார்.

இருவரும் படியேறினார்கள். மூன்று படிக்கு ஒருமுறை நின்றார்கள். தெருக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. அருமைநாயகி கணவனின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே குனியவைத்தாள். பேச மூச்சுச் சேர்வதற்கு நேரமெடுத்தது.

“அந்தாளிட்ட... சொல்லிப்போடாதேங்கோ,” என்றாள். “அது என்ர சூடெண்டு. அடுத்த கிழமை... அதையும் எழுதித் தரச்சொல்லுவான்.”